ஊறட்டும்

கடற்கரை ஊரான மணப்பாட்டில் திருச்சிலுவைத் திருவிழா செப்டம்பர் 14-ஆம் தேதி. என் சின்ன வயதில், அதற்குச் சில நாள் முன்பே செம்மணல் தேரிக்காட்டு ஊர்களிலிருந்து கூண்டு வண்டிகள் கிளம்பிவிடும். எங்கள் வீட்டு வண்டியில் அரிசி, கருப்பட்டி, பனையோலைத் தட்டி எல்லாம் ஏறும். 1581-இல் எழுந்த கோயில் மணல்மேட்டின் உச்சியில் நிற்கிறது. மேட்டின் கீழே நாலு கம்பு நட்டுத் தட்டியைக் கட்டினால் எங்களுக்கு வீடு தயார். பக்கத்துக் குடிலுக்கு நாங்கள் கருப்பட்டி கொடுப்போம், அங்கிருந்து சாளை மீன் வரும்.

அந்த நாட்கள் எனக்குக் கற்றுக் கொடுத்ததெல்லாம் ஊற்றுக்கரையில்தான். அலைக்குக் கூப்பிடு தூரத்தில் கையாலேயே மணலைப் பறிப்போம். முதலில் மணல் கறுத்து ஈரமாகும். பிறகு ஓரங்களிலிருந்து நூல் நூலாகக் கசிந்து சேரும். சிரட்டையால் மேலாகக் கோரிக் குடத்தில் ஊற்ற வேண்டும். பொறுக்காமல் இன்னும் ஆழமாகப் பறித்தால் கரித்துவிடும்.

"ஏல, மெதுவாக் கோரு. கலங்கிட்டா பின்னால வாறவுக என்னத்தக் குடிப்பாவ? ஊறட்டும்" என்பாள் ஆச்சி. குடத்தோடு நிற்கும் முன்பின் தெரியாதவர்களுக்கு வழிவிட்டு, அவளும் மணலில் உட்கார்ந்துவிடுவாள்.

ஆச்சி பள்ளிக்கூடம் போனவள் இல்லை. ஆனால் அவள் சொன்னதில் கணக்கு இருக்கிறது. மணலில் இறங்கிய மழைநீர், எடை கூடிய உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல நீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நல்ல நீர் இருக்கும். மேலே ஓர் அடி குறைந்தால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறிவரும். மணப்பாட்டில் புனித சவேரியார் தங்கிய குகையில், கடலை ஒட்டியே, நல்ல தண்ணீர்க் கிணறு இருப்பதை மக்கள் புதுமை என்கிறார்கள். எனக்கும் அப்படித்தான், காரணம் தெரிந்த பிறகும்.

சம்பாத்தியத்திலும் உறவிலும், இன்னும் கொஞ்சம் பறித்தால் என்ன என்று மனம் பரபரத்தபோதெல்லாம் ஆச்சியின் குரல்தான் என் கையைப் பிடித்தது. இன்று மணப்பாட்டை அடுத்த உடன்குடிப் பக்கம் ஆழ்துளைக் கிணறுகள் பெருகி, பல தோட்டங்களில் உப்பு ஏறிவிட்டது. பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போகிறவர்கள் ஒரு தடவையாவது தண்ணீர்க் கேனை வண்டியிலேயே வைத்துவிட்டு, விவரம் தெரிந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவரிடம் இடம் கேட்டு, பிள்ளைகள் கையில் ஒரு சிரட்டையைக் கொடுங்கள்.