பஸ் வீட்டுக்குக் கணப்பு

அமெரிக்காவில் அரிஸோனா மாகாணத்தின் மேற்குக் கோடியில், கொலராடோ நதிக்குச் சுமார் இருபது மைல் கிழக்கே, குவார்ட்ஸைட் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஊர் என்று சொல்வது அதற்குச் செய்கிற மரியாதை. 2020-ஆம் வருஷத்து ஜனக்கணக்கின்படி அங்கே நிரந்தரமாக வசிப்பவர்கள் ஏறக்குறைய 2,400 பேர்தான். சுற்றிலும் சரளைக்கல் பரந்த பாலைவனம். கள்ளி ஜாதியைச் சேர்ந்த ஸகுவாரோ மரங்கள், வழிப்பறிக்காரனிடம் அகப்பட்டுக்கொண்டவர்களைப்போல் இரண்டு கைகளையும் உயரத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. கோடையில் உஷ்ணம் 45 டிகிரியை வெகு சாதாரணமாக எட்டிப் பிடிக்கும். அப்போது அந்த ஊரில் தங்குவதற்கு வைராக்கியம் வேண்டும்.

ஆனால் ஜனவரி மாதத்தில் போய்ப் பாருங்கள்! கண்ணுக்கெட்டிய தூரம் வண்டிகள். வண்டி என்றால் வீடாக மாறிய வண்டிகள். வடக்கேயுள்ள மாகாணங்களில் பனி பெய்யத் தொடங்கியதும் பறவைக் கூட்டம்போல் இவர்கள் தெற்கே கிளம்பிவிடுகிறார்கள். ஊருக்குத் தெற்கே லா போஸா என்ற வெட்டவெளியில் சர்க்காரின் நில நிர்வாக இலாகா இவர்களுக்கு இடம் கொடுக்கிறது. செப்டம்பர் 15-ந் தேதி முதல் ஏப்ரல் 15-ந் தேதி வரையில் ஏழு மாதம் அங்கே தங்கலாம். 2020-ஆம் வருஷ வாக்கில் இதற்கான அநுமதிக் கட்டணம் 180 டாலர். குடிதண்ணீர் பிடித்துக்கொள்ளலாம், குப்பை கொட்டலாம். மின்சாரம் மட்டும் அவரவர் பாடு.

வந்திருப்பவர்களில் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் அநேகர். உல்லாசமாக ஊர் சுற்ற வந்தவர்களும் உண்டு. 2008-ஆம் வருஷத்துப் பொருளாதார நெருக்கடியில் வீட்டை இழந்து, வேறு வழியின்றி வண்டியில் ஏறியவர்களும் உண்டு. இவர்களைப் பற்றி 2017-இல் ஜெஸிகா புரூடர் எழுதிய 'நோமாட்லாண்ட்' புத்தகமும், அதிலிருந்து எடுத்த சினிமாவும் உலகப் பிரசித்தி பெற்றுவிட்டன.

இந்த ஊருக்கும் நாடோடிகளுக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. 1856-இல் அமெரிக்க ராணுவம் பாலைவனத்தில் மூட்டை சுமக்க ஒட்டகங்களைத் தருவித்தபோது, அவற்றுடன் கூட ஹாஜி அலி என்பவரும் கடல் கடந்து வந்தார். அந்தப் பெயர் அமெரிக்கர்கள் வாயில் 'ஹை ஜாலி' ஆயிற்று. ஒட்டகத் திட்டம் சில வருஷங்களில் கைவிடப்பட்டது; மனிதர் தங்கிவிட்டார். 1902-இல் அவர் காலமானது இந்தக் குவார்ட்ஸைட்டில்தான். 1935-இல் அவருடைய சமாதியின் மேல் கல்லினால் ஒரு சிறு பிரமிடு கட்டி, உச்சியில் செம்பினால் ஓர் ஒட்டகத்தை நிறுத்தியிருக்கிறார்கள். வண்டி வீட்டுக்காரர்கள் அதன் அருகில் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் போவதில்லை.

நம் விஷயம் ஒட்டகம் அல்ல, பஸ். லா போஸாவில் நிற்கும் வண்டிகளில் மிகவும் விசித்திரமானவை பழைய பள்ளிக்கூட பஸ்கள். அமெரிக்காவில் பள்ளிக்கூட பஸ் என்றால் மஞ்சள் நிறம். 1939-ஆம் வருஷம் நியூயார்க்கில், கொலம்பியா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆசிரியர் கல்லூரியில் பிராங்க் ஸைர் என்பவர் கூட்டிய மகாநாட்டில் அந்த நிறத்தைத் தீர்மானித்தார்கள். விடியற்கால மங்கலிலும் மஞ்சளின் மேல் கறுப்பு எழுத்து நன்றாகத் தெரியும் என்பது காரணம். பத்துப் பதினைந்து வருஷம் குழந்தைகளைச் சுமந்த பிறகு இந்த பஸ்கள் ஏலத்துக்கு வருகின்றன. சில ஆயிரம் டாலருக்கு வாங்கி, ஆசனங்களைக் கழற்றி எறிந்து, கட்டில் போட்டு, அடுப்பு வைத்து, வேறு நிறம் பூசினால் வீடு தயார். நிறம் மாற்றுவது ஆசைக்காக மட்டுமல்ல; பல மாகாணங்களில் சட்டமே அப்படி.

வீடு தயார், குளிருக்கு என்ன செய்வது? பாலைவனத்தில் குளிரா என்று கேட்கவேண்டாம். ஜனவரியில் பகலெல்லாம் இருபது டிகிரி வெயில் சுகமாக அடிக்கும். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதுதான் தாமதம், மேகமற்ற ஆகாயம் பூமியின் உஷ்ணத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு போய்விடுகிறது. நள்ளிரவில் ஐந்து டிகிரி. சில நாட்களில் தண்ணீர் உறையும் நிலை. இரும்புத் தகட்டினால் ஆன பஸ்ஸுக்குள் இருப்பவர்கள் பாடு எப்படியிருக்கும்?

அங்கே நான் சந்தித்த ஒரு அம்மாளுக்கு இது வெறும் வசதிப் பிரச்னையாக இருக்கவில்லை. வடக்கே மின்னஸோட்டாவிலிருந்து முப்பத்தைந்து அடி நீள பஸ்ஸைத் தாமே ஓட்டிக்கொண்டு வந்தவர். வயது அறுபத்தெட்டு, வருமானம் மாதாந்தர ஓய்வூதியம் மட்டும். மின்னஸோட்டாவில் மகளுக்குப் பிள்ளை பிறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. "மகள் வீட்டுப் பின்புறத்தில் பஸ்ஸை நிறுத்த இடம் இருக்கிறது, ஐயா. நகரசபை அநுமதியும் கிடைத்துவிட்டது. அங்கே குளிரைச் சமாளிக்க முடியாமல்தான் இங்கே ஓடி வருகிறேன். பேரன் நடை பழகுவதைப் படத்தில் பார்க்கவேண்டியிருக்கிறது. எந்தக் கணப்பு மலிவு என்று சொல்லுங்கள், அடுத்த குளிர்காலம் அங்கேயே இருந்துவிடுகிறேன்" என்றார்.

இந்தக் கேள்வியை அந்த வெளியில் யாரைக் கேட்டாலும் ஒரு பிரசங்கம் கிடைக்கும். பத்துப் பேரைக் கேட்டால் பதினோரு அபிப்பிராயம்.

பஸ்ஸின் என்ஜினையே ஓடவிட்டால் சூடு வராதா என்பது புதிதாக வந்தவர்கள் கேட்பது. வரும். ஆனால் நின்ற இடத்தில் ஓடும் அந்தப் பெரிய என்ஜின் மணிக்கு இரண்டு மூன்று லிட்டர் டீசலைக் குடித்துவிடும். பத்து மணி நேர இரவுக்கு இருபது முப்பது லிட்டர்! புகையும் உள்ளே வர வழி தேடும்.

சமையலுக்கு உதவும் புரோபேன் வாயுவைச் சிலர் சிபாரிசு செய்கிறார்கள். இதில் இரண்டு வகை உண்டு. வெளிக்காற்றை இழுத்துப் புகையை வெளியே தள்ளும் கணப்பு ஒன்று; விலை அதிகம், குற்றம் சொல்வதற்கில்லை. மற்றது அறைக்குள்ளேயே திறந்து எரிவது. விலை மலிவு, வாங்குவோரும் அதிகம். வாயு எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது என்பதைப் பலர் நினைப்பதில்லை. ஒன்பது கிலோ கொண்ட ஒரு சிலிண்டர் தீர்வதற்குள் சுமார் பதினைந்து லிட்டர் தண்ணீர் ஆவியாக உள்ளே பரவுகிறது. ஒரு குடம் நீரைச் சுவரெல்லாம் தெளித்தாற்போலத்தான். அது குளிர்ந்த இரும்பில் வியர்த்து, துருவாகவும் பூஞ்சையாகவும் மாறுகிறது. இதைவிடப் பெரிய அபாயம் கார்பன் மோனாக்ஸைடு. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. தூங்குகிறவரை எழுப்பாமலே கொண்டுபோய்விடும். நம் மலைவாசஸ்தலங்களில் அறைக்குள் கரி அடுப்பை மூட்டிக் கதவைச் சாத்திக்கொண்டு உறங்கியவர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்திருக்கிறோம் அல்லவா? அதே எமன்தான். எந்தக் கணப்பு வாங்கினாலும் இந்த வாயுவைக் கண்டால் அலறும் சிறு கருவி ஒன்றைத் தலைமாட்டில் மாட்டாதிருப்பது சிக்கனமல்ல, பைத்தியக்காரத்தனம்.

விறகுக் கணப்பு பார்ப்பதற்கு வெகு அழகு. உலர்ந்த சூடு, நெருப்பின் முகத்தைப் பார்த்துக்கொண்டே காப்பி குடிக்கலாம். ஆனால் பஸ்ஸில் வைக்கக்கூடிய குட்டி அடுப்புக்கு இரண்டு மூன்று மணிக்கு ஒரு தரம் எழுந்து தீனி போடவேண்டும். கூரையைத் துளைத்துப் புகைக்குழாய் வைக்கவேண்டும். இன்ஷியூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் பலர் முகத்தைச் சுளிப்பார்கள். வடக்கே காட்டோரத்தில் இருப்பவர்களுக்கு ஒருவேளை சரி. மரமே அபூர்வமான இந்தப் பாலைவனத்தில் விறகை விலைக்கு வாங்கி எரிப்பது நோட்டை எரிப்பது போலத்தான்.

மின்சாரக் கணப்போ, பாட்டரியை நம்பியிருப்பவர்களுக்கு எட்டாக்கனி. 1,500 வாட் கணப்பு எட்டு மணி நேரம் எரிய 12 யூனிட் வேண்டும். நூறு ஆம்பியர் மணி கொண்ட 12 வோல்ட் பாட்டரி ஒன்றில் அடங்குவது 1.2 யூனிட். பத்துப் பாட்டரி ஓர் இரவுக்குக் காலி! மாறாக, மின்சாரக் கம்பளி ஒன்று ஐம்பது வாட்தான் கேட்கிறது. பஸ்ஸைச் சூடாக்காமல் மனிதரைச் சூடாக்கும் இந்த யோசனையில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. லா போஸா இரவுகளுக்கு இதுவே பெரும்பாலும் போதும்.

கடைசியாக டீசல் கணப்பு. ஜெர்மனியில் வெபாஸ்டோ, எபர்ஸ்பேக்கர் முதலிய கம்பெனிகள் லாரிகளுக்காகச் செய்தது. இப்போது சீன தேசத்து நகல்கள் நூறு, இருநூறு டாலருக்குக் கிடைக்கின்றன. மூடிய அறைக்குள் டீசல் எரிகிறது. புகை குழாய் வழியாக வெளியேறுகிறது. உள்ளே வருவது சூடான உலர்ந்த காற்று மட்டும். பற்றவைக்கும்போது பாட்டரியிலிருந்து எட்டுப் பத்து ஆம்பியர் இழுக்கும். பிறகு ஒன்று இரண்டு ஆம்பியர் போதும். குறையில்லாமல் இல்லை. எப்போதும் சிறு தீயிலேயே வைத்தால் கரி அடைக்கும். காற்று மெலிந்த உயர்ந்த மலைப் பிரதேசங்களில் அதிகமாகவே அடைக்கும். கடுங்குளிரில் டீசலே மெழுகுபோல் இறுகும் என்பதால் குளிர்கால டீசல் வாங்கவேண்டும். இருந்தாலும், இருக்கிற கணப்புகளில் பஸ்ஸுக்கு ஏற்றது இதுதான் என்பது என் கட்சி.

அப்படியானால் அம்மாளுக்குப் பதில் கிடைத்துவிட்டதா? இல்லை. அவருடைய பஸ்ஸைச் சுற்றிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் வரிசையாக இருபத்துநான்கு ஜன்னல்கள். எல்லாம் ஒற்றைக் கண்ணாடி. சுவர் என்பது இரண்டு தகடு. நடுவில் பழைய கண்ணாடிப் பஞ்சு கொஞ்சம். தகடுகளை இணைக்கும் இரும்பு விலா எலும்புகள் உள்சூட்டை நேரே வெளியே கொண்டுபோய்க் கொட்டுகின்றன. ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதற்கு எந்த வாளி மலிவு என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

அவருடைய மேஜையின் மேலேயே கணக்குப் போட்டோம். மின்னஸோட்டாவில் நவம்பர் முதல் மார்ச் வரை 150 நாள். உள்ளே 18 டிகிரி வேண்டும். வெளியே சராசரி பூஜ்யத்துக்குக் கீழே நாலு. வித்தியாசம் 22 டிகிரி. இப்போதுள்ள நிலையில் பஸ் சராசரியாக ஐயாயிரம் வாட் உஷ்ணத்தை இழந்துகொண்டே இருக்கும். டீசலாகக் கணக்கிட்டால் குளிர்காலத்துக்கு உத்தேசமாக 2,300 லிட்டர். அது சராசரிதான், பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரி போகும் இரவில் பத்தாயிரம் வாட் வேண்டும். கடையில் கிடைக்கும் 5,000 வாட் கணப்பு அன்று கையை விரித்துவிடும்.

அதே பஸ்ஸில் உள்தகட்டைக் கழற்றி, சுவரிலும் கூரையிலும் இரண்டு அங்குல நுரைக் காப்பு அடித்து, தரையிலும் பலகை பரப்பி, மூன்றில் இரண்டு பங்கு ஜன்னல்களை எடுத்துத் தகடு வைத்து மூடி, ஓட்டுகிற இடத்துக்குப் பின்னால் கனத்த திரை ஒன்றும் தொங்கவிட்டால், இழப்பு மூன்றில் ஒரு பங்காகிறது. குளிர்காலத்துக்குச் சுமார் 770 லிட்டர். மிக மோசமான இரவிலும் அந்தச் சிறு கணப்பே சமாளிக்கும். மூச்சுக்காற்றின் ஈரம் வெளியேறக் கூரையில் ஒரு துவாரம் எப்போதும் திறந்திருக்கவேண்டும், அவ்வளவுதான். தலைக்கு மேல் இரண்டு அங்குல உயரம் போய்விடும். அம்மாள் குள்ளம், ஆகையால் ஆட்சேபணை எழவில்லை.

பிறகு அவர் யோசிக்காத ஒரு செலவையும் எழுதினோம். மின்னஸோட்டாவிலிருந்து குவார்ட்ஸைட் ஏறக்குறைய 1,800 மைல். இந்தக் கனத்த வண்டி ஒரு லிட்டருக்கு இரண்டரை மைல்கூட ஓடாது. வருவதற்கு 750 லிட்டர், திரும்புவதற்கு 750 லிட்டர், ஆக 1,500. சூரியன் இலவசம் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதற்கு இவ்வளவு பஸ் சத்தம்! டாலர் விலை ஏறும், இறங்கும். லிட்டர் கணக்கு பெரிதாக மாறாது. ஓட்டை பஸ்ஸோடு வடக்கே இருப்பதைவிடத் தெற்கே ஓடிவருவது லாபம். ஓட்டையை அடைத்துவிட்டால், ஓடிவருவதைவிட மகள் வீட்டில் இருப்பது பாதிச் செலவு. காப்புக்கு ஆகும் பணம் முதலில் சுடத்தான் செய்யும். ஆனால் அது ஒரு தடவைதான். பிரயாண டீசல் வருஷா வருஷம்.

அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மூன்று எண்களையும் இன்னொரு முறை கூட்டிப் பார்த்தார். பிறகு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, "முதலில் வடக்குப் பக்கத்து ஜன்னல்களை எடுத்துவிடலாம் அல்லவா?" என்று கேட்டார்.

"பஸ் திரும்பினால் வடக்கும் திரும்புமே, அம்மா?" என்றேன்.

"மகள் வீட்டில் நிறுத்தினால் திரும்பாது" என்று சொல்லிக்கொண்டே முதல் ஜன்னலின் அகலத்தை அளக்கத் தொடங்கினார்.