கிளி ஓட்டிய பரண்

பின்கட்டில் வைக்க, இறைச்சியைப் புகையில் வேகவைக்கும் ஸ்மோக்கர் ஒன்று வாங்குவதற்காக மூன்று வாரம் ஆஸ்டின் நகரத்துக் கடைகளில் ஏறி இறங்கினேன். மூடியைத் தூக்கிப் பார்த்தேன். இரும்பின் கனத்தை விரலால் தட்டிப் பார்த்தேன். குழப்பம் கூடியதுதான் மிச்சம். கடைசியில் எனக்கு வழி காட்டியது அந்த அட்டைப்பெட்டிகளின் மேல் பெரிதாக அச்சிட்டிருந்த ‘பார்பிக்யூ’ என்ற சொல்.

கரீபியன் தீவுகளில் வாழ்ந்த தாயினோ மக்களின் சொல் அது. ‘பார்பகோவா’ என்றால் கொம்புகளை நட்டு, மேலே குச்சிகளைப் பரப்பிக் கட்டிய மேடை. மேலே இறைச்சியை வைத்துக் கீழே தீ மூட்டினால் அடுப்பு. ஏறிப் படுத்தால் கட்டில். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி 1697-ல் வெளியிட்ட பயண நூலில், தரையிலிருந்து 3 அடி உயரத்தில் குச்சிகளால் கட்டிய பார்பிக்யூவின் மேல் இரவைக் கழித்ததாக எழுதியிருக்கிறார்.

அதற்கும் முந்தியது ஸ்பானியரான ஒவியேதோ எழுதி 1526-ல் தொலேதோவில் அச்சான நூல். அதில் மக்காச்சோளம் விளைவிப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வருகிறார். கதிர் பிடிக்கும் காலத்தில் கிளிகளும் மற்றப் பறவைகளும் வந்து தின்றுவிடும். அதனால் சிறுவர்கள் மரங்களின் மேலும், மரத்தாலும் நாணலாலும் கட்டிய மேடைகளின் மேலும் ஏறி உட்கார்ந்து ஓயாமல் குரல் கொடுத்து விரட்டுவார்களாம். வெயிலும் மழையும் படாமலிருக்க மேலே கூரையும் உண்டாம். இந்த மேடைகளின் பெயர் பார்பகோவா.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அது பரண். நம்முடைய தினைப்புனத்துப் பரணேதான்.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு என்றதும் பலருக்கும் 99 பூக்களின் பெயர்கள்தான் நினைவுக்கு வரும். அந்தப் பூக்களைப் பறிக்கப் போவதற்கு முன்னால் தலைவியும் தோழியும் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? மரத்தின் மேல் கட்டிய இதணம் என்னும் பரணில் ஏறி உட்கார்ந்து, தழல், தட்டை, குளிர் என்று மூன்று வகைக் கருவிகளால் கிளி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். தட்டை என்பது மூங்கிலைப் பிளந்து ஓசை எழும்படி தட்டுவது என்று உரையில் வருகிறது. இரண்டு கரைகளுக்கும் நடுவே எத்தனை கடல்! ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டிராத இரண்டு கூட்டத்துப் பிள்ளைகள் ஒரே மாதிரி மேடை மேல் உட்கார்ந்து, ஒரே பச்சை நிறத்துப் பறவையைப் பார்த்துக் கத்தியிருக்கிறார்கள். இதைப் படித்த அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

நானும் அப்படிக் கத்தியவன். தாராபுரம் பக்கத்தில் எங்கள் சோளக்காட்டில் அப்பாரு ஒவ்வொரு வருஷமும் பரண் கட்டுவார். நாலு வேலங்கால், குறுக்கே மூங்கில், அதன்மேல் சோளத்தட்டைப் பரப்பி ஒரு பழைய சாக்கு. பகலில் குருவிக்கும் மயிலுக்கும் தகரம் தட்டுவது என் வேலை. மதிய வெயிலில் கண் சொருகினால் கீழேயிருந்து குரல் வரும்: “ஏங் கண்ணு, தூங்கிட்டயா? குருவி தூங்காது பாத்துக்கோ.”

இரவில் பன்றிக் காவல். பரணுக்கு அடியிலேயே சிறிதாகத் தீ மூட்டிவிடுவார். புகை தட்டைகளின் இடுக்கு வழியாக மேலே ஏறி வரும், கொசு அண்டாது. தீ தணிந்து கங்கானதும் பச்சைக் கருதுகளை அதில் புரட்டுவார். வெந்த கருதை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, உமியை ஊதிவிட்டு, சூடு ஆறும்முன் என் கையில் கொட்டுவார். பால் பிடித்த மணியில் புகையின் வாசமும் சேர்ந்திருக்கும். விடிந்து வீட்டுக்குப் போனால் சட்டை, தலைமுடி, போர்வை எல்லாவற்றிலும் அதே வாசம். மேலே குச்சி மேடை, கீழே கங்கு, நடுவே புகையில் ஊறியபடி ஒரு பையன். தாயினோ மொழியில் நான் படுத்திருந்ததற்குப் பெயர் என்னவென்று தெரிந்துகொள்ள எனக்கு ஐம்பது வருஷம் ஆயிற்று.

இந்த நினைப்போடு மறுபடி கடைக்குப் போனபோது எதைக் கேட்க வேண்டும் என்பது தெளிவாக இருந்தது. பரண் காவலுக்கானது. நான் வாங்கும் அடுப்பும் என்னைக் காவலுக்கு உட்கார்த்தி வைக்க வேண்டும்.

பெல்லட் கிரில் அப்படி உட்கார்த்தி வைக்காது. மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருண்டைகளை மின்மோட்டார் தானாகவே தீக்குத் தள்ளும். சூட்டைக் கைபேசியில் பார்த்துக்கொள்ளலாம். வேலைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே சமைப்பவர்களுக்கு அது பெரிய உபகாரம். உருண்டை வடிவக் கெட்டில் கிரில்லின் மேலும் எனக்கு மரியாதை உண்டு. 1952-ல் சிகாகோவின் வெபர் பிரதர்ஸ் உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், கடலில் மிதக்கவிடும் இரும்பு மிதவையை இரண்டாக வெட்டிச் செய்தது அது. காற்றும் மழையும் தீயைக் கெடுக்காமல் காக்க அதற்கு ஒரு மூடி கிடைத்தது. கரிக்கட்டிகளை ஓரமாகப் பிறை போல அடுக்கி ஒரு முனையில் மட்டும் கங்கு வைத்தால் மணிக்கணக்கில் மெல்ல ஊர்ந்து எரியும். இடம் குறைவாக உள்ளவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்கலாம்.

நான் வாங்கியது ஆஃப்செட். டெக்சஸ்காரர்களின் அடுப்பு, பழைய எண்ணெய்க் குழாயைப் பற்றவைத்து ஒரு வெல்டர் செய்தது. ஒரு பக்கம் விறகு எரியும் பெட்டி. அனலும் புகையும் நீண்ட உருளைக்குள் நுழைந்து, இறைச்சியைத் தடவிக்கொண்டு மறுகோடிப் புகைபோக்கி வழியாக வெளியேறும். முக்கால் மணிக்கு ஒரு தடவை ஒரு பிளப்பு போஸ்ட் ஓக் விறகு போட வேண்டும். வெள்ளையாகக் குமுறும் புகை ஆகாது, இறைச்சி கசந்துபோகும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீலமாக இழையும் புகைதான் வேண்டும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் பழக முடியும்.

பிரிஸ்கெட் என்னும் மாட்டின் நெஞ்சுக்கறி 5 கிலோத் துண்டு வேக 12 மணி நேரம் ஆகும். 110 டிகிரி செல்சியஸ் அனலில் அது சீராகச் சூடேறிக்கொண்டே வந்து, உள்ளே 70 டிகிரியை ஒட்டியதும் நின்றுவிடும். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல் வெப்பமானியின் முள் அசையாது. முதல் தடவை பதறிப்போய் விறகைத் திணித்தேன். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதுவும் ஒன்றுதான் என்று பிறகு விளங்கியது. இறைச்சி வியர்க்கிறது, அந்த ஈரம் ஆவியாகும்போது, ஏறுகிற சூட்டை அதுவே வாங்கிக்கொள்கிறது. ஈரம் தீர்ந்ததும் முள் மறுபடி நகரும். இறுகிக் கிடக்கும் ஜவ்வு கரைந்து கூழாவதற்கும் இந்த நெடுநேர மிதச் சூடுதான் தேவை. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது விறகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மட்டும்தான்.

சனிக்கிழமை விடியற்காலை 5 மணிக்குப் பற்றவைக்கிறேன். கூடவே சாப்பிட வருகிறவர்களுக்குச் சோளக்கருதும் உண்டு. இங்கே கிடைப்பது மக்காச்சோளம். எட்டு மணி வாக்கில் வேலிக்கு மேலாகப் பச்சைக்கிளிகள் கூச்சலிட்டுக்கொண்டு போகும். தென் அமெரிக்காவிலிருந்து கூண்டில் வந்து, தப்பிப் பறந்து, இந்த ஊர் மைதானங்களின் விளக்குக் கம்பங்களில் கூடு கட்டிப் பெருகியவை அவை. நான் அவற்றை ஓட்டுவதில்லை.