சுண்ணக்கட்டி காட்டிய கசிவு

தமிழ் பயிற்றுவிப்போருக்கும் காரின் உட்கூறுகளுக்கும் என்ன தொடர்பு என்று இம்மலரைப் புரட்டுவோர் வினவக்கூடும். பெரிதாக ஒன்றும் இல்லைதான். ஆயினும், 2024ஆம் ஆண்டுக் கோடையில் நம் இல்லத்து மாருதி 800 காரில் ஏற்பட்ட பெட்ரோல் கசிவு நமக்கு ஒரு தலைகுனிவைத் தேடித் தந்தது. அதனை மறைக்காமல் எழுத விழைகிறோம்.

அவ்வண்டி நம் தந்தையார் 1994இல் வாங்கியது. விற்றுவிட அவருக்கு மனம் வரவில்லை. வாரம் இருமுறை அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. நமக்கோ அவ்வேளையில் வகுப்பு. எனவே, அடுத்த தெரு இளைஞன் ஒருவன் வண்டியோட்ட வந்தான். பெட்ரோல் போடுவதும் அவன் பொறுப்பே. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடிய வண்டி, சில வாரங்களில் 14க்கும் கீழே இறங்கியது. மாதத்திற்கு இரண்டு லிட்டருக்கு மேல் கணக்கில் இடித்தது. வாசலில் ஒரு சொட்டுக் கறையும் இல்லை. "வண்டி ஓடுறப்போ பெட்ரோல் வாடை வருது சார்" என்று அவன் இருமுறை சொன்னான். தன்னைக் காத்துக்கொள்ளச் சொல்லும் சாக்கு என்றே நாம் அதனை எடுத்துக்கொண்டோம். வெளிப்படையாகத் திருடன் என்று கூறவில்லை; "இனி நாமே ஓட்டிக்கொள்கிறோம்" என்றோம். அவனுக்குப் புரிந்துவிட்டது. சாவியை மேசைமீது வைத்துவிட்டுப் போனான். தந்தையார் அன்று நம்மோடு பேசவில்லை.

வகுப்பு நேரத்தை மாற்றிக்கொண்டு நாமே ஓட்டினோம். ஒரு மாதம் சென்றது. கணக்கு அதே 14க்குக் கீழேதான் நின்றது! சிக்னலில் வண்டி நிற்கும்போதெல்லாம் வாடை மூக்கைத் துளைத்தது. ஓடத் தொடங்கினால் குறைந்தது. தந்தையார் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும்.

பட்டறைக்காரர் முதியவர், அம்பாசடர் காலத்திலிருந்து தொழில் செய்பவர். அந்நாளில் பெட்ரோல் டாங்கில் விரிசல் கண்டால் சலவைச் சோப்பைத் தேய்த்து அடைத்துவிட்டு ஊர் போய்ச் சேர்வார்கள் என்று சிரித்தார். சோப்பு பெட்ரோலில் கரைவதில்லை அல்லவா? இடையில், அருகே பீடி பற்றவைக்க முனைந்த ஒருவரை அதட்டித் தெருவுக்கு அனுப்பினார். அதட்டியது தகும். உறைபனிக்கும் கீழான குளிரிலேயே பெட்ரோல் தீப்பற்றும் ஆவியை விடும். அவ்வாவி காற்றினும் கனமானது. கலைந்து மேலே போகாமல் தரையோரம் தேங்கி நிற்கும்.

"நின்னா வாடை, ஓடினா இல்லைன்னா, முன்பக்கந்தான் சார்" என்றார். டாங்கு பின்புறம் இருக்கிறது. அங்கிருந்து அடித்தளத்தின் வழியே வரும் பெட்ரோலை, இஞ்சினால் இயங்கும் பம்பு இழுத்துக் கார்புரேட்டருக்குத் தள்ளுகிறது. இஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும், தள்ளும் அழுத்தம் தணியும், கசிவும் அடங்கும். இரவெல்லாம் நின்ற வண்டியின் கீழே கறை இல்லாததன் காரணம் அதுவே. ஓடும்போது கசிவதோ சூடான இஞ்சின்மீது விழுந்து, தரையைத் தொடுமுன் ஆவியாகிவிடுகிறது.

இஞ்சின் ஆறியபின் குழாய் செல்லும் வழியெங்கும் பழந்துணியால் துடைத்தார். பிறகு, "சாக்பீஸ் இருக்குமே சார்?" என்றார். நம் சட்டைப்பையில் எப்போதும் ஒன்றிரண்டு துண்டுகள் கிடக்கும். வாங்கி, ஒவ்வோர் இணைப்பின் மீதும் வெள்ளையாகப் பூசினார். இஞ்சினை ஓடவிட்டு, டார்ச் ஒளியில் பார்த்திருந்தோம். சிறிது நேரத்தில், பம்பிலிருந்து கார்புரேட்டருக்குச் செல்லும் ரப்பர்க் குழாயின் முனையில், கிளிப்பை ஒட்டி, வெண்மை கருத்து ஈரமாயிற்று. மற்ற இடங்களெல்லாம் வெள்ளையாகவே இருந்தன. முப்பதாண்டுகளாக இச்சுண்ணக்கட்டியால் பிறர் பிழைகளையே கரும்பலகையில் திருத்தி வந்திருக்கிறோம்.

உடனே இஞ்சினை நிறுத்தி, சூடு தணியும்வரை காத்திருந்து, பாட்டரியின் மைனஸ் இணைப்பைக் கழற்றிய பிறகே குழாயில் கை வைத்தார். கழற்றிய குழாயை வளைத்ததும் மயிரிழை போன்ற வெடிப்புகள் வாய் திறந்தன. அளவுக்கு மீறி முறுக்கிய கிளிப்பு முனையை வெட்டியிருந்தது. எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது என்றும் சொன்னார். நம் நாட்டில் அக்கலப்பு 2022இல் 10 விழுக்காட்டை எட்டியது. 2025இல் 20 ஆயிற்று. 1994இல் செய்த குழாய் அதனை எங்ஙனம் அறியும்? கடைப்பையன் மலிவான தண்ணீர்க் குழாயை நீட்டினான். பெரியவர் அதனைத் திருப்பியனுப்பி, பெட்ரோலுக்கென்றே செய்த குழாயை வரவழைத்தார். வெடித்ததை மட்டுமன்றி அவ்வயதுடைய ரப்பர்க் குழாய்கள் அனைத்தையும், கிளிப்புகளையும் மாற்றினார். மீண்டும் சுண்ணம் பூசிப் பத்து நிமிடம் ஓடவிட்டார். வெள்ளை வெள்ளையாகவே நின்றது. கூலியோடு சேர்த்துச் சில நூறு ரூபாய்தான்.

அன்று மாலையே அவ்விளைஞன் வீட்டிற்குச் சென்றோம். வழியெல்லாம் சொற்களைத் தேடினோம். இத்தனை ஆண்டுகள் கற்பித்த மொழியில் ஒன்றும் அகப்படவில்லை. பழைய குழாயை ஒரு தாளில் சுற்றி எடுத்துச் சென்றிருந்தோம். பிரித்துக் காட்டி, "தவறு நம்முடையது தம்பி" என்றோம். அவன் அதனை வாங்கி, வளைத்துப் பார்த்து, "விடுங்க சார். ஐயாவுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டான். அவன் அன்னையார் மட்டும் உள்ளிருந்து வெளியே வரவில்லை.

வேறிடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டமையால், இப்போது வாரம் ஒரு நாள் மட்டும் வருகிறான். தந்தையார் அந்நாளில் முன்னிருக்கையில் அமர்ந்து வழியெல்லாம் பேசிக்கொண்டு போகிறார். வண்டி 16 கிலோமீட்டர் தருகிறது. நாம் கேட்காமலேயே அவன் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வாங்கி, புறப்படும் கிலோமீட்டரும் திரும்பும் கிலோமீட்டரும் குறித்து, பெட்ரோல் ரசீதையும் ஒட்டி வைக்கிறான். வேண்டாம் என்று பலமுறை சொல்லிவிட்டோம். "இருக்கட்டும் சார்" என்கிறான்.