தூரத்தைப் பாருங்கோ, தம்பி

பத்திரிகைத்துறையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழன்றவன் நான். ஆனால், இன்றுவரை வாசகரிடம் ஒப்புக்கொள்ளாத தவறு ஒன்று உண்டு. 2013 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், மிரிஸ்ஸவிலே நீலத் திமிங்கிலம் பார்த்த அனுபவத்தை ஞாயிறு இதழொன்றில் முழுப்பக்கக் கட்டுரையாக எழுதினேன். "நாம் கண்டோம்" என்று அக்கட்டுரையில் மூன்று இடங்களில் வருகின்றது. கண்டவர்கள் என்னுடன் படகில் வந்தவர்கள். நான் கண்டதெல்லாம் ஒரு கறுப்புப் பொலித்தீன் பையின் உட்புறத்தை மட்டுமே.

அன்று நான் செய்த பிழைகளை இப்போது எண்ணிப் பார்த்தால் சிரிப்பு வருகின்றது. விடியற்காலை ஐந்தரை மணிக்கு, கடலுக்குப் போகின்றவன் வெறும் வயிற்றோடு போகலாகாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பாணும் கட்டைச்சம்பலும் பொரித்த மீனுமாக வயிற்றை நிரப்பினேன். மேல்தட்டில் காற்று அதிகம் என்று கீழ்த்தட்டின் ஒரு மூலையில், இயந்திரப் புகை வந்து சூழும் இடத்தில் அமர்ந்தேன். படகு துறையை விட்டு வெளியேறியதும் குறிப்புப் புத்தகத்தை விரித்துக் குனிந்து எழுதத் தொடங்கினேன். அரை மணித்தியாலத்தில் வாயில் உமிழ்நீர் ஊறியது. நெற்றியில் குளிர்ந்த வியர்வை துளிர்த்தது. காரணமின்றித் தொடர்ந்து கொட்டாவி வந்தது. பிறகு ஓங்காளம். அதற்குப் பிறகு நடந்தவற்றை விவரித்தல் நாகரிகமன்று.

படகு ஓடிக்கொண்டிருந்தவரை ஓரளவு தாக்குப்பிடித்தேன். தெய்வேந்திரமுனைக்கு அப்பால், பெருங்கப்பல்கள் வரிசையாகச் செல்லும் பாதைக்கு அண்மையில், திமிங்கிலம் மேலே வரட்டும் என்று இயந்திரத்தின் வேகத்தைத் தணித்துக் காத்திருந்தார்களே, அப்போதுதான் முற்றாகச் சாய்ந்தேன். நின்ற படகு நெற்றுத் தேங்காய்போல இருபக்கமும் உருளும். பக்கத்திலிருந்தவர்கள் "அதோ வால், அதோ வால்" என்று கூவினார்கள். தலையை நிமிர்த்தும் சக்தி எனக்கு இருக்கவில்லை. உலகில் இதுவரை தோன்றிய விலங்குகள் யாவற்றிலும் பெரியது நூறு மீற்றர் தூரத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கையில், அது சீக்கிரம் போய்விட வேண்டும், படகு கரைக்குத் திரும்ப வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டவன் நான்.

கடல் நோய் கோழைகளுக்கு வருவது என்றொரு எண்ணம் நம்மவரிடையே உண்டு. இங்கிலாந்தின் கடற்படைத் தளபதி நெல்சன் கப்பலேறும்போதெல்லாம் இதனால் அவதிப்பட்டவர். 1831 ஆம் ஆண்டு டிசெம்பரில் பீகிள் கப்பலில் புறப்பட்ட சார்ள்ஸ் டார்வின், ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நீடித்த அந்தப் பயணத்தில், கடல் கொந்தளித்த போதெல்லாம் படுக்கையில் விழுந்தார். கரையிறங்கிய நாட்களில்தான் அவருக்கு நிம்மதி. ஆகவே, நாம் நல்ல கூட்டத்திலேதான் இருக்கிறோம்.

இது வயிற்றில் தொடங்கும் நோயன்று, காதில் தொடங்குவது. நமது உட்செவியில் திரவம் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை எப்பக்கம் திரும்புகின்றது என்பதை அவை உணர்கின்றன. அவற்றை அடுத்துள்ள பைகளில் நுண்ணிய சுண்ணப் படிகங்கள் இருக்கின்றன. மேலும் கீழும் முன்னும் பின்னும் நகர்வதை அவை அறிவிக்கின்றன. படகின் உட்புறத்தையோ கையிலுள்ள புத்தகத்தையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண், "அசைவு எதுவுமில்லை" என்று மூளைக்குச் சொல்கின்றது. காதோ, "இடைவிடாமல் ஆடுகிறோம்" என்கின்றது. ஒரே சம்பவம் பற்றி இரு நிருபர்கள் முற்றிலும் முரணான செய்திகளை அனுப்பினால் செய்தி ஆசிரியரின் தலை எப்படிச் சுற்றுமோ, அப்படித்தான் மூளைக்கும். உட்செவியின் அந்த உறுப்புச் செயலிழந்தவர்களுக்குக் கடல் நோய் வருவதில்லை என்பது இதற்கு வலுவான சான்று.

கண்ணும் காதும் ஒரே செய்தியைச் சொல்லும்படி செய்வதே இதற்கான முதல் மருந்து. அசையாத ஒன்றைப் பார்க்க வேண்டும். நடுக்கடலில் அசையாதவை இரண்டு: அடிவானம், தூரத்துக் கரை.

இந்தப் பாடத்தை நான் மிரிஸ்ஸவுக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவரிடம் கேட்டிருந்தேன். கேட்டும் மறந்துபோனேன்.

2006 ஆம் ஆண்டு ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபின், யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேறச் சாதாரண மக்களுக்குத் தரைவழி இருக்கவில்லை. அனுமதி பெற்று, நாட்கணக்கில் காத்திருந்து, காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குக் கப்பலில் போக வேண்டும். 2007 ஜனவரியில் அப்படி ஒரு கப்பலில் நானும் வந்தேன். வாடைக்காற்றின் காலம். கடல் கறுத்துப் பொங்கிக்கொண்டிருந்தது. மூடிய மண்டபமொன்றில் சனங்கள் நெருக்கியடித்து இருந்தார்கள்.

எனக்குப் பக்கத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. பச்சைச் சேலை. மடியிலே பொலித்தீனால் சுற்றிய ஒரு கோவை. கப்பல் புறப்படுமுன் அவர் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"நீங்கள் பேப்பரில எழுதுறவர் எண்டு அங்கால சொல்லிச்சினம். நான் மகனைத் தேடித்தான் தம்பி கொழும்புக்குப் போறன். விடிஞ்சாப்போல உங்களோட கொஞ்சம் கதைக்கவேணும்."

"கட்டாயம் அம்மா, விடிந்ததும் எல்லாவற்றையும் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்" என்றேன்.

விடியும்வரை நான் மனிதனாக இருக்கவில்லை. இரவு முழுவதும் சத்தி. குடலில் ஒன்றுமில்லாத பிறகும் நிற்கவில்லை. அந்த அம்மா தன் பையிலிருந்து ஒரு தேசிக்காயை எடுத்து, நகத்தால் தோலைக் கீறி என் மூக்கருகே பிடித்தார். தன் துவாயை நனைத்து என் பிடரியில் வைத்தார். ஒருமுறை என் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தி, "குனியாதேங்கோ தம்பி. தூரத்தில ஒண்டைப் பாருங்கோ" என்றார். அந்த மூடிய மண்டபத்தில் தூரம் என்று எதுவும் இருக்கவில்லை. நான் மறுபடியும் குனிந்தேன்.

காலையில் திருகோணமலைத் துறைமுகத்தில் இறக்கினார்கள். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு வேறொரு வரிசை. பைகளைக் கொட்டிச் சோதித்தார்கள். சோதனை முடிந்து நான் தள்ளாடி வெளியே வந்தபோது முதலில் நிரம்பிய பஸ் போய்விட்டிருந்தது. அந்த அம்மாவை நான் திரும்பக் காணவில்லை. அவருடைய பெயரை நான் கேட்கவில்லை. மகனின் பெயரையும் கேட்கவில்லை. ஒரு பத்திரிகையாளன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. கப்பல் புறப்படுமுன் அரைமணி நேரம் இருந்தது, அப்போதே கேட்டிருக்கலாம். "விடியட்டும்" என்று தள்ளிப்போட்டது நான்தான். கடலைக் குற்றஞ்சாட்டிப் பயனில்லை.

2023 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், இலண்டனிலிருந்து மகன் குடும்பத்துடன் வந்தான். பன்னிரண்டு வயதுப் பேத்திக்குத் திமிங்கிலம் பார்க்க ஆசை. தெற்கிலே நவம்பர் முதல் ஏப்ரல் வரையே அதற்கான காலம்; தென்மேல் பருவக்காற்றின் மாதங்களில் திருகோணமலைக்குத்தான் போக வேண்டும். "அப்பப்பா, நீங்களும் வரவேணும்" என்றாள். மறுக்க மனம் வரவில்லை. அந்தக் கடலை மறுபடியும் பார்க்கவேண்டும் என்றொரு எண்ணமும் உள்ளே இருந்தது.

இம்முறை ஆயத்தத்தோடு போனேன். வைத்தியரான நண்பர் ஒருவரிடம் முற்கூட்டியே கேட்டேன். அவர் சினரிசின் குளிசை தந்தார். புறப்படுவதற்கு இரண்டு மணித்தியாலத்துக்கு முன் எடுக்க வேண்டும், சத்தி தொடங்கியபின் விழுங்கினால் அதுவும் கடலுக்குத்தான் போகும் என்றார். இவ்வகைக் குளிசைகள் நித்திரைத் தூக்கத்தைத் தரும். கண்ணழுத்த நோய், நடுக்குவாதம், ஆண்களுக்கு வரும் சிறுநீர்த் தடை ஆகியன உள்ளவர்களுக்கு இவற்றிற் சில ஆகா. ஆகவே, என் வயதையொத்தவர்கள் கடையில் தாமாக வாங்கி விழுங்காமல் வைத்தியரைக் கேட்டே எடுக்க வேண்டும். இஞ்சியையும் அவர் தள்ளிவிடவில்லை. 1988 இல் டென்மார்க்கின் கடற்படைப் பயிலுநர் எண்பது பேரிடம் செய்த சோதனையில், இஞ்சித்தூள் எடுத்தவர்களுக்குச் சத்தி குறைந்ததாம். எல்லாச் சோதனைகளும் அவ்வாறு சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார். முதல்நாள் இரவு நேரத்துக்கு நித்திரை கொண்டேன். காலையில் இரண்டு துண்டு பாணும் வெறும் இஞ்சித் தேநீரும். குறிப்புப் புத்தகத்தை அறையிலேயே வைத்துவிட்டுப் போனேன்.

உப்புவெளிக் கரையிலிருந்து விடியற்காலை புறப்பட்டோம். தெற்கில் உள்ளவை போன்ற பெரிய இரட்டைத்தட்டுப் படகல்ல; வெளியே எஞ்சின் பூட்டிய சிறிய ஃபைபர் படகு. ஓட்டி இளைஞர், மீன்பிடிக் குடும்பத்தவர். முன்பக்கம் அதிகம் தூக்கி அடிக்கும் என்று என்னை நடுவுக்குச் சற்றுப் பின்னே இருத்தினார். "கச்சான் எழும்ப முதல் திரும்பிடுவம் ஐயா" என்றார்.

திருகோணமலைக் கடல் ஒரு விந்தை. கொட்டியாரக் குடாவின் உள்ளிருந்தே ஆழ்கடற் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குகின்றது. அதனாற்றான் பெருந்திமிங்கிலங்கள் கரைக்கு இவ்வளவு அண்மையில் வருகின்றன. 1980களின் முற்பகுதியில் ரியூலிப் என்ற சிறு ஆய்வுக்கலத்தில் வந்த விஞ்ஞானிகள் இங்கேதான் அவற்றை ஆராய்ந்தார்கள். பின்பு போர் வந்தது. கால் நூற்றாண்டுக்கு மேலாக இக்கடலில் சுற்றுலாப் படகுகள் ஓடவில்லை. ஓடியவை எவை என்பது நமக்குத் தெரியும்.

ஒரு மணித்தியாலம் சென்றிருக்கும். ஓட்டி எஞ்சினை அடக்கினார். படகு உருளத் தொடங்கியது. வாயில் உமிழ்நீர் ஊறியது. பழைய பகைவனை அடையாளம் கண்டேன். என்னையறியாமல் தலை குனிந்தது.

"ஐயா, தண்ணியைப் பாக்காதேங்கோ. தூரத்தைப் பாருங்கோ. அந்தா, கோணேசர் மலை. அதிலை கண்ணை வைச்சுக்கொண்டிருங்கோ."

பதினாறு ஆண்டுகளின் பின்னர் அதே சொற்கள். நிமிர்ந்தேன். நீலமாகச் சிறுத்துத் தெரிந்த சுவாமிமலையில் கண்ணைப் பதித்தேன். மெதுவாக மூச்செடுத்தேன். படகு ஆடியது, மலை ஆடவில்லை. ஓங்காளம் தொண்டைவரை வந்து, அங்கேயே சற்று நின்று, இறங்கிப் போயிற்று.

"அப்பப்பா!"

கழுத்தை மெல்லத் திருப்பினேன். வலப்பக்கத்தில், கடலிலிருந்து ஒரு வெண்புகைத் தூண் பனையளவு எழுந்து கலைந்தது. பிறகு முதுகு; முடிவில்லாமல் வந்துகொண்டேயிருந்த, நீலமும் சாம்பலும் கலந்த முதுகு. கிட்டப் போகட்டுமா என்று ஓட்டி கேட்டார். வேண்டாம் என்றேன். நூறு மீற்றருக்குள் நெருங்கலாகாது என்பது விதி. அன்றி, அதன் வழியில் நாம் குறுக்கிடவும் வேண்டியதில்லை. நான்கைந்து முறை மூச்செடுத்தபின் அது வாலை உயர்த்தி ஆழத்துக்குச் சென்றது. நீர் சொட்டிய அந்த வாலை நான் என் கண்ணால் கண்டேன். பேத்தி கமராவைக் கண்ணில் வைத்தபடியே இருந்ததால் சிறிது நேரத்தில் அவளுக்கும் முகம் வெளிறியது. கமராவை வாங்கிவைத்துவிட்டு, அவளுடைய நாடியைப் பிடித்து நிமிர்த்தி மலையைக் காட்டினேன்.

"ஏன் அப்பப்பா அழுறீங்கள்?" என்று கேட்டாள். உப்புக்காற்று என்றேன்.

அன்று பின்னேரம் அறைக்குத் திரும்பிக் குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன். திமிங்கிலத்தைப் பற்றி எழுதவில்லை. பச்சைச் சேலை, பொலித்தீன் சுற்றிய கோவை, தேசிக்காய், இடது கையில் ஒரு பழைய எரிகாயத் தழும்பு, கரவெட்டிப் பக்கத்துப் பேச்சு என்று நினைவில் எஞ்சியவற்றை எழுதினேன். அரைப் பக்கம்கூட வரவில்லை.

2007 ஜனவரியில் அந்தக் கப்பலில் வந்த எவரேனும் இதனை வாசிக்க நேர்ந்தால், அந்த அம்மாவை அறிந்திருந்தால், எனக்குச் சொல்லுங்கள். அவருடைய மகனின் பெயரை நான் எழுதிக்கொள்ள வேண்டும்.