பீரோ சாவி யார்கிட்ட இருக்கு?

உங்க பாட்டியோட உண்மையான பிறந்த தேதி உங்களுக்குத் தெரியுமா? ஆதார் அட்டையில் இருக்கிற தேதியைக் கேட்கலை. அந்தக் காலத்து ஆட்களில் நிறையப் பேருக்கு அதில் ஜனவரி 1 என்றோ ஜூலை 1 என்றோ இருக்கும். எழுத உட்கார்ந்தவர் "வயசு என்னம்மா?" என்று கேட்டு, கழித்துப் பார்த்துப் போட்ட தேதி அது. பிறப்பு இறப்புப் பதிவுக்கு நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வந்ததே 1969-ல்தான். அதற்கு முன்னால் பிறந்த பலருக்கு "பெரிய புயல் அடிச்ச வருஷம்" என்பதுதான் பிறப்புச் சான்றிதழ்.

எங்க அப்பாயிக்கு ஒரு தேதி இருந்தது. மயிலாடுதுறைப் பக்கம் எங்க ஊரில் ஒரு பழைய சிற்றாலயம் இருக்கு. லுத்தரன் சபை. ஓட்டுக் கட்டடம், அறுபது பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். பின்னால் இருக்கிற சின்ன அறையில் ஒரு மர பீரோ. அதற்குள் ஞானஸ்நானப் பதிவேடு, விவாகப் பதிவேடு, அடக்கப் பதிவேடு, சபை நடத்திய பள்ளிக்கூடத்தின் வருகைப் பதிவேடு, கணக்கு நோட்டு, கொஞ்சம் புகைப்படங்கள். அப்பாயிக்கு வயசுச் சான்று தேவைப்பட்டபோது அப்பா அங்கே போனார். முதல் தடவை சாவி வைத்திருந்தவர் ஊரில் இல்லை. இரண்டாவது தடவை "எழுதிக் குடுத்துட்டுப் போங்க, பார்த்துச் சொல்றோம்" என்றார்கள். மூன்றாவது தடவைதான் பீரோ திறந்தது.

கிடைத்தது ஒரே ஒரு வரி. குழந்தையின் பெயர், பிறந்த நாள், ஞானஸ்நானம் பெற்ற நாள், தகப்பன் பெயர், தாய் பெயர், தகப்பன் தொழில், ஊர், ஞானப் பெற்றோர், ஐயர் கையெழுத்து. அந்த வரியில்தான் அப்பாயியின் அம்மா பெயரை அப்பா முதல் தடவையாகப் படித்தார். வீட்டில் எல்லோரும் "ஆத்தா" என்றே சொல்லிப் பழகியதால், அந்தப் பெயரைக் கேட்டுவைக்கணும்னு யாருக்கும் தோணவில்லை. எழுபது எண்பது வருஷம் அந்தப் பெயர் எங்க வீட்டிலிருந்து இருநூறு மீட்டர் தூரத்தில் பூட்டிக் கிடந்தது.

இந்த மாதிரி பீரோக்களை ஊருக்குத் திறந்துவிடுவது பற்றித்தான் உங்ககிட்ட பேசணும். கேட்க எளிதான விஷயம். இறங்கிப் பார்த்தால் அப்படி இல்லை.

முதலில் இந்தப் பதிவேடுகள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம். எங்க ஊரிலிருந்து கிழக்கே போனால் தரங்கம்பாடி. 1620-ல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். 1706 ஜூலை 9-ந் தேதி சீகன்பால்கு, புளூட்சௌ என்ற இரண்டு ஜெர்மானியர்கள் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்பி அங்கே வந்து இறங்கினார்கள். சீகன்பால்கு தமிழ் படித்தார், 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார், 1718-ல் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டினார். இவ்வளவும் பள்ளிப் புத்தகத்திலேயே ஓரளவுக்கு இருக்கும்.

பள்ளிப் புத்தகத்தில் அதிகம் பேசாத விஷயம் காகிதங்கள். மிஷன்காரர்கள் எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். எழுதியதையெல்லாம் ஜெர்மனியில் இருக்கிற ஹாலே நகரத்துக்கு அனுப்பினார்கள். 1712 முதல் 1714 வரை இங்கே இருந்த தமிழர்களிடம் சாமி, சடங்கு, கல்யாணம், படிப்பு, மருத்துவம் என்று கேள்விகள் கேட்டு, பதிலைக் கடிதமாக வாங்கினார்கள். அந்தக் கடிதங்கள் ஜெர்மன் மொழியில் மாற்றப்பட்டு ஹாலேயில் அச்சாயின. அந்தத் தமிழ் மூலம் இன்று நம் கையில் இல்லை. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கடற்கரையில் வாழ்ந்த ஒருவர் தன் சாமியைப் பற்றித் தன் வாயால் சொன்னதை, அதே ஊர்ப் பிள்ளை படிக்கணும்னா ஜெர்மனிலிருந்தோ ஆங்கிலத்திலிருந்தோதான் படிக்கணும்.

இன்னொன்று. தமிழர்களின் தெய்வங்களைப் பற்றி சீகன்பால்கு 1713-ல் ஒரு பெரிய புத்தகம் எழுதி அனுப்பினார். ஹாலேயில் அதை அச்சிட விரும்பவில்லை. அது புத்தகமாக வந்தது 1867-ல், சென்னையில். 154 வருஷம். யாரும் அதைக் கிழிக்கவில்லை, எரிக்கவில்லை. பத்திரமாக வைத்திருந்தார்கள். பத்திரமாக இருப்பதும் திறந்திருப்பதும் வேற வேற என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

1845-ல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். இன்று அந்த ஊரின் காகிதங்கள் ஹாலே, கோபன்ஹேகன், சென்னை என்று பிரிந்து கிடக்கின்றன. வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவர் இவற்றைத் தேடிப் படிக்க வழி இருக்கு. மீன் விற்கப் போகிற அக்காவுக்கும் தெருமுனை டெய்லர் அண்ணனுக்கும் அப்படி ஒன்று இருக்கிறதே தெரியாது. மிச்சம் இருப்பது எங்க ஊர் மாதிரி சின்னச் சின்ன சிற்றாலயங்களின் பீரோக்கள். அவை இன்னும் ஊருக்குள்ளேயே இருக்கு. ஊரால்தான் பார்க்க முடியவில்லை.

போன வருஷம் விடுமுறையில் நாங்க நாலு பேர், சபையில் அனுமதி வாங்கி, அந்த பீரோவைப் படம் எடுக்க உட்கார்ந்தோம். உங்களில் இதைச் செய்ய நினைக்கிறவர்களுக்காகச் சில விஷயம் சொல்றேன். ஜெராக்ஸ் மெஷின் மாதிரி தட்டையாக அமுக்கும் ஸ்கேனர் வேண்டாம், பழைய தையல் விட்டுப்போகும். புத்தகத்தை முழுசாக விரிக்காமல், இரண்டு பக்கமும் தாங்கல் கொடுத்து, மேலே கேமராவை நிறுத்தி எடுக்கணும். ஃபிளாஷ் கூடாது. எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டக் கூடாது. அந்தக் கால இரும்பு மசி காகிதத்தையே மெதுவாக அரித்துவிடும், எழுத்து இருந்த இடத்தில் ஓட்டை விழுந்த பக்கங்கள் இருக்கும். எந்தப் பதிவேடு, எந்தப் பக்கம் என்பது கோப்பின் பெயரிலேயே தெரியணும். இல்லையென்றால் ஆயிரம் படம் எடுத்த பிறகு அது வெறும் ஆயிரம் படம்தான்.

அப்புறம், "எழுத்தைக் கணினியே படிச்சிடும்" என்று நம்பி இறங்காதீங்க. சில பக்கங்களில் வருஷம் தமிழ் எண்களில் இருந்தது. ஒரே ஆள் ஒரு பக்கத்தில் ஏசடியான், இன்னொரு பக்கத்தில் யேசுவடியான், மகன் கல்யாணத்தில் இயேசடியான். ஓலைச்சுவடி என்றால் இன்னும் கஷ்டம். புள்ளி இருக்காது, எகர ஏகார வித்தியாசம் இருக்காது, காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். படிக்கத் தெரிந்த வயசான ஒருவர் பக்கத்தில் இருப்பது எந்த மென்பொருளையும்விட உதவி.

எங்களோடு வந்த நண்பனுக்கு ஒரு நல்ல யோசனை இருந்தது. எல்லாப் பெயரையும் தட்டச்சு செய்து, ஒரு இணையதளம் போட்டு, தேடுபெட்டி வைத்துவிடலாம். உலகத்தில் எங்கே இருந்தாலும் தன் கொள்ளுப்பாட்டியைக் கண்டுபிடிக்கலாம். யாரும் யார் வீட்டு வாசலிலும் மூன்று தடவை நிற்க வேண்டாம்.

ஆலயத்தைக் கவனித்துக்கொள்ளும் கோயில்பிள்ளை அண்ணன் அவ்வளவு நேரமும் பக்கத்தில் உட்கார்ந்து பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் கேட்டார்: "தம்பி, இந்தக் கட்டத்தையும் போடுவீங்களா?" அவர் விரல் வைத்த கட்டத்தின் தலைப்பு, சாதி.

நாலு பேரும் பேசவில்லை. ஏன் என்று உங்களுக்குப் புரியும். ஆனாலும் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. 1950-ல் வந்த பட்டியல் சாதிகள் ஆணையின்படி, இந்துவாக இருப்பவர்தான் பட்டியல் சாதியாகக் கருதப்படுவார். பிறகு 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். அதே தெரு, அதே கிணறு, அதே வசவு. சான்றிதழ் மட்டும் வேற. 2024 நவம்பரில் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் சாதிச் சான்றிதழ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கில் சிறுவயதில் நடந்த ஞானஸ்நானமும் பேசப்பட்டது.

இப்போது அந்தத் தேடுபெட்டியை நினைச்சுப் பாருங்க. ஒரு பெயரைத் தட்டினால் தேதியோடு ஞானஸ்நானம் வந்து நிற்கும். அதை வைத்து ஒரு பிள்ளையின் உதவித்தொகையைக் கேள்வி கேட்கலாம், ஒருத்தரின் வேலையைக் கேள்வி கேட்கலாம், ஊராட்சித் தேர்தலில் தனித்தொகுதியில் நிற்கிறவர்மேல் மனு போடலாம். சாதி மட்டும் இல்லை. தகப்பன் பெயர்க் கட்டம் காலியாக இருக்கிற வரிகளும் அந்தப் பதிவேட்டில் உண்டு. அந்தக் குழந்தைகளில் சிலர் இன்னும் எங்க ஊரில் தாத்தாவாக, பாட்டியாக இருக்காங்க.

"அப்போ பூட்டியே வைக்கணுமா?" என்று நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. பூட்டி வைப்பதால் ரகசியம் காப்பாற்றப்படுவதில்லை. சாவி வைத்திருக்கிறவருக்கு எல்லாம் தெரியும், மற்றவர்களுக்குத் தன்னைப் பற்றியே தெரியாது. அவ்வளவுதான். 1872-ம் வருஷத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்திலேயே, உரிய கட்டணம் கட்டிக் கேட்டால் திருமணப் பதிவேட்டில் தேடவிடணும், நகல் கொடுக்கணும் என்று 79-வது பிரிவு சொல்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் கொடுத்த உரிமை. அது இருக்கிறதே எங்க ஊரில் யாருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த பிறகு சபையார் உட்கார்ந்து பேசினார்கள். இரண்டு வாரம் இழுத்தது. கடைசியில் வந்த முடிவு இதுதான். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பக்கங்களை யார் வந்தாலும் பார்க்கலாம், ஊர், மதம் எதுவும் கேட்கக் கூடாது. இங்கிலாந்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களுக்கும் இதே நூறு வருஷக் கணக்குதான். அதற்குப் பிந்தைய பக்கங்களை அந்தந்தக் குடும்பம் மட்டும் பார்க்கலாம். எதுவும் இணையத்தில் போகாது. ஆலயத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் இருக்கும், சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் திறந்திருக்கும். படங்களின் நகல் மூன்று இடத்தில் இருக்கும்.

அந்தக் கட்டம்? மக்கள் பார்க்கிற நகலில் மறைத்திருக்கு. மூலப் படத்தில் அப்படியே இருக்கு. அழித்துவிடலாம் என்றுதான் சிலர் சொன்னார்கள். ஒரு ஆசிரியை அக்கா எழுந்து, "அழிச்சுட்டா நம்ம சபையில சாதியே இல்லைன்னு நாளைக்கு எழுதிடுவாங்க" என்றார். அவர் சொன்னது சரி. ஆலயத்துக்குள் சாதிவாரியாகத் தனித்தனியே உட்கார்ந்த வரலாறு இந்தப் பகுதிச் சபைகளுக்கு உண்டு. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி பார்க்கக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் எதிர்ப்பு கிளம்பியது. அந்தச் சண்டையின் சாட்சியும் இந்தக் கட்டம்தான். சாட்சியை அழிக்காமல், அதை வைத்து யாரையும் அடிக்கவும் விடாமல் பார்த்துக்கொள்ளணும். எங்க சபை கண்டுபிடித்த வழி முழுசாகச் சரியா என்று கேட்டால், அடுத்த தலைமுறை மாற்றிக்கொள்ளட்டும். மாற்ற முடிகிற மாதிரி வைத்திருக்கிறோம். இணையத்தில் ஏற்றிய பிறகு அதை மாற்ற முடியாது.

திறந்த பிறகு நடந்ததைச் சொல்லணும். முதல் சனிக்கிழமை வந்தவர்களில் பாதிப் பேர் சபையைச் சேர்ந்தவர்களே இல்லை. பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் ஊர் முழுக்க இருக்கு, எல்லா மதத்துப் பிள்ளைகளும். ஒரு பாய் தன் அத்தா இரண்டாம் வகுப்பில் எத்தனை நாள் மட்டம் போட்டார் என்று எண்ணிப் பார்த்துச் சிரித்தார். கணக்கு நோட்டில் சுவர் பூசிய கொத்தனாரின் பெயர் இருந்தது. அவர் பேரன் இப்பவும் கொத்தனார், அந்த வரியை போனில் படம் எடுத்துக்கொண்டு போனார். பெயர் தெரியாத ஒரு குரூப் போட்டோவில் ஒரு பாட்டி பதினோரு பேரைச் சொன்னார். நாங்க எழுதிக்கொண்டோம். இப்போது பீரோவுக்குள் இல்லாத ஒன்றும் ஆவணத்தில் இருக்கு.

உங்க ஊரிலும் இப்படி ஒரு பீரோ இருக்கும். சிற்றாலயமோ, கோயிலோ, தர்காவோ, பழைய பள்ளிக்கூடமோ. நமக்கு ஸ்கேன் பண்ணத் தெரியும், டேட்டாபேஸ் போடத் தெரியும், அதனால் கை அரிக்கும். முதல் நாள் கேமராவை வீட்டிலேயே வச்சிட்டுப் போங்க. அதைப் பார்த்துக்கொள்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தப் பக்கத்தைக் காட்ட அவர் யோசிக்கிறார், ஏன் யோசிக்கிறார் என்று கேளுங்க. யார் பார்க்கலாம் என்பதை அதில் பெயர் இருக்கிறவர்களின் குடும்பங்களே உட்கார்ந்து முடிவு செய்யட்டும். அப்புறம் கேமராவை எடுங்க.

ரொம்ப நாள் தள்ளிப் போடாதீங்க. தரங்கம்பாடியில் மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியையே கடல் கொண்டுபோய்விட்டது. 2004 சுனாமி வந்தபோது எந்தப் பீரோவும் பூட்டியதால் தப்பவில்லை. எங்க ஊர்ப் பதிவேட்டிலேயே கரையான் தின்ற பக்கங்கள் இருக்கு, அந்தப் பெயர்கள் இனி யாருக்கும் கிடைக்காது. ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒரு நாள் போய்ப் பேசிட்டு வாங்க.