முன் பிரேக்கைக் கண்டு பயப்படாதீர்கள்

லைசென்ஸ் எடுக்கப் போனால் எட்டு போடச் சொல்வார்கள். காலை ஊன்றாமல் போட்டுக் காட்டினால் பாஸ். எட்டு நல்ல பரீட்சைதான். மெதுவாகப் போகும்போது வண்டி நம் கைக்கு அடங்குகிறதா என்று அதில் தெரிந்துவிடும். ஆனால் நாற்பதில் போய்க்கொண்டிருக்கும்போது குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்தால் வண்டியை எப்படி நிறுத்துவாய் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. வீட்டிலும் யாரும் சொல்லித் தருவதில்லை. அந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மேற்கு மாம்பலத்தில் டூவீலர் மெக்கானிக்காக இருந்து தலை நரைத்தவன் நான். ஒருவர் எப்படி வண்டி ஓட்டுகிறார் என்று தெரிந்துகொள்ள நான் அவர் பின்னால் உட்கார்ந்து போக வேண்டியதில்லை. இரண்டு சக்கரத்தையும் கழற்றி பிரேக் ஷூவைப் பார்த்தால் போதும். பின் சக்கரத்து ஷூ தேய்ந்து இரும்பு தெரியும், டிரம்மில் கோடு கோடாகக் கீறல் விழுந்திருக்கும். முன் சக்கரத்து ஷூ வாங்கிய நாளில் இருந்தபடி தடிமன் குறையாமல் இருக்கும், மேலே கறுப்புத் தூசி மட்டும் படிந்திருக்கும். முன் பிரேக் கேபிள் தளர்ந்து, லீவரை அழுத்தினால் கைப்பிடியில் போய் முட்டும். "டைட் பண்ணட்டுமா சார்?" என்று கேட்டால், "வேணாம்ப்பா, முன் பிரேக் பிடிச்சா தூக்கி அடிச்சிடும்" என்பார்கள். அப்பா மகனுக்குச் சொல்லி, மகன் தன் தங்கைக்குச் சொல்லி, இந்தப் பயம் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருக்கிறது. சென்னையில் பல உயிர்கள் இந்தப் பயத்தால் போயிருக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

நடப்பது இதுதான். பிரேக் பிடித்த உடனே வண்டியின் பாரமும் ஓட்டுபவரின் பாரமும் முன்பக்கம் சாய்கின்றன. முன் டயர் ரோட்டை அழுத்துகிறது, பின் டயர் லேசாகிவிடுகிறது. எந்த டயரில் பாரம் இருக்கிறதோ அதற்குத்தான் பிடிமானம். அதனால் அவசரத்தில் வண்டியை நிறுத்தும் வேலையில் ஏறக்குறைய முக்கால் பங்கை முன் சக்கரம்தான் செய்ய முடியும். பின் பிரேக்கை மட்டும் மிதிப்பவருக்கு வண்டி நிற்க ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் ஆகும். ரொம்ப அழுத்தினால் பின் சக்கரம் சுழலாமல் நின்று, வால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

அப்படியானால் முன் பிரேக் பிடித்தவர்கள் ஏன் விழுகிறார்கள்? கேட்க வேண்டிய கேள்வி. பாரம் முன்னால் வந்து சேர ஒரு கண நேரம் வேண்டும். அதற்கு முன்பே லீவரைச் சடாரென்று இழுத்தால் முன் சக்கரம் லாக் ஆகிறது, வண்டி வாரி விடுகிறது. ஹேண்டில்பார் திரும்பி இருக்கும்போது பிடித்தாலும், மணலிலோ ஆயிலிலோ பிடித்தாலும் அதே கதிதான். ஆகவே, எலுமிச்சம்பழம் பிழிவது போல, முதலில் மென்மையாகத் தொடங்கி அப்புறம் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். இது முழுவதும் ஒரு நொடிக்குள் நடப்பதுதான், ஆனால் அந்த வரிசை மாறக் கூடாது. கூடவே பின் பிரேக்கையும் அளவாக மிதியுங்கள். ஆக்ஸிலேட்டரை முழுக்க விட்டுவிடுங்கள். கியர் வண்டி என்றால் கிளட்ச்சை வண்டி நிற்கப் போகும்போது பிடித்தால் போதும். பலர் முதல் காரியமாகக் கிளட்ச்சைப் பிடித்து, எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்கும் உதவியையும் இழந்துவிடுகிறார்கள். முழங்கால் இரண்டும் டேங்கை இறுக்கிப் பிடிக்கட்டும், பார்வை தூரத்தில் இருக்கட்டும். முன் டயருக்குக் கீழே பார்த்தால் கீழேதான் போவோம். முன் சக்கரம் வழுக்குவது கையில் தெரிந்தால் அந்தக் கணமே லீவரை விட்டு மறுபடி பிடியுங்கள்.

புது வண்டி வைத்திருப்பவர்கள் கேட்கலாம், எங்களுக்கு ஏ.பி.எஸ். இருக்கிறதே என்று. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். அதற்குக் கீழ் உள்ளவற்றுக்கு இரண்டு சக்கரத்துக்கும் சேர்ந்து பிரேக் விழும் சி.பி.எஸ். போதும் என்றது அந்த விதி. ஏ.பி.எஸ். சக்கரம் லாக் ஆகாமல் காக்கும். அது வேலை செய்யும்போது லீவர் கையில் துடிக்கும். அந்தத் துடிப்பைக் கண்டு பயந்து விட்டுவிடாதீர்கள், அழுத்திக்கொண்டே இருங்கள். சில வண்டிகளில் அது முன் சக்கரத்துக்கு மட்டும்தான் உண்டு. உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று இன்றைக்கே தெரிந்துகொள்ளுங்கள்.

ஆனால் எந்தக் கருவியும் நம் கண்ணுக்கும் கைக்கும் இடையே ஆகும் நேரத்தைக் குறைத்துவிடாது. ஆபத்தைப் பார்த்து, புரிந்து, விரல் லீவருக்குப் போக ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். மணிக்கு 40 கிலோமீட்டரில் அந்த ஒரு நொடிக்குள் 11 மீட்டர் போயிருப்பீர்கள். ஒரு மாநகரப் பேருந்தின் நீளம் ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்குப் பிறகு, காய்ந்த ரோட்டில் நன்றாக பிரேக் பிடித்தால், நிற்க இன்னொரு 10 மீட்டர் வேண்டும். அறுபதில் போனால் அந்த ஒரு நொடிக்கே 17 மீட்டர், பிரேக்குக்கு 23 மீட்டர், ஆக 40 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது, தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிட்டது. மழை பெய்திருந்தால் பிரேக்குக்கான தூரம் இன்னும் கூடும்.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு எங்கள் மாம்பலத்து ஆரிய கவுடா ரோட்டில் ஒரு சாயங்காலம் நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் நிறுத்திய கார்கள், காய்கறி வண்டிகள், திடீரென்று திரும்பும் ஆட்டோக்கள். அங்கே உள்ள அயோத்தியா மண்டபத்தில் உபன்யாசம் முடிந்து வெளியே வரும் பெரியவர்களுக்குக் காது சரியாகக் கேட்காது. ஹாரன் அடித்தால் சிலர் பதறி நடு ரோட்டிலேயே நின்றுவிடுவார்கள். ஹாரன் ஒருநாளும் பிரேக் ஆகாது. இங்கே 40 மீட்டர் காலி இடம் எந்த நேரத்திலும் கிடையாது. 2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துப் போலீசார் டூவீலர்களுக்கு 50 என்றும், குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிக்கும் 30 என்றும் வேக வரம்பு அறிவித்தார்கள். அபராதம் வாங்கத்தான் இந்த முப்பது என்று பேசுபவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. நம் தெருக்களின் அகலத்துக்கு முப்பதே தாராளம்.

நெருக்கமான தெருவில் போகும்போது வலது கையின் இரண்டு விரல் எப்போதும் முன் பிரேக் லீவர் மேல் இருக்கட்டும். கொஞ்சம் நேரம் மிச்சமாகும். ஆட்டோ எந்தப் பக்கம் திரும்பும் என்று அதன் விளக்கை நம்பாதீர்கள், முன் சக்கரத்தைப் பாருங்கள். நிறுத்திய காருக்குள் டிரைவர் தலை தெரிந்தால் கதவு திறக்கும் என்றே வைத்துக்கொண்டு ஒரு கதவு அகலம் தள்ளிப் போங்கள். நிறுத்திய கார்களுக்கு அடியில் சின்னக் கால்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். அந்தக் குழந்தையின் கண்ணுக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள்.

வெயில் நாளில் எங்கள் பக்கத்துத் துரைசாமி சப்வேயில் இறங்கும்போது வெளிச்சத்திலிருந்து நிழலுக்குள் போகிறோம், கண் பழகச் சற்று நேரம் ஆகும். இறக்கத்தில் வண்டி நிற்கவும் கூடுதல் தூரம் வேண்டும், மேலே தண்ணீர் இல்லாத நாளிலும் கீழே ஈரம் இருக்கலாம். ஆகவே வேகத்தை இறங்குவதற்கு முன்பே குறைத்துவிடுங்கள். கோடை முடிந்து பெய்யும் முதல் மழையின் முதல் சில நிமிடங்களைப் போல மோசமான நேரம் கிடையாது. மாதக் கணக்கில் ரோட்டில் ஊறிய ஆயிலும் தூசியும் தண்ணீரில் கலந்து குழம்பாகிவிடும். அப்போது ஓரமாக நின்று ஒரு டீ குடித்துவிட்டுப் போனால் எதுவும் குறைந்துவிடாது. மெட்ரோ வேலைக்காகப் போட்ட இரும்புத் தகடு, பாதாளச் சாக்கடை மூடி, பெயின்ட் அடித்த வெள்ளைக் கோடு ஆகியவற்றின் மேல் நனைந்த நேரத்தில் பிரேக் பிடிக்கவே பிடிக்காதீர்கள், திருப்பவும் திருப்பாதீர்கள்.

ஹெல்மெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா என்று யோசித்தேன். சொல்லத்தான் வேண்டும். 2022இல் நாடு முழுக்கச் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அதில் நூற்றுக்கு நாற்பத்துநான்குக்கும் மேல் டூவீலரில் போனவர்கள். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர், அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். அதே ஆண்டு தமிழ்நாட்டில் 17,884 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 2015 ஜூலை 1 முதல் சென்னை உயர் நீதிமன்றம் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. 2022 மே மாதம் முதல் சென்னையில் பின்னால் உட்காருபவர்களுக்கும் போலீசார் அதைக் கறாராக்கினார்கள். இத்தனைக்குப் பிறகும் ரங்கநாதன் தெருவில் சாமான் வாங்கிக்கொண்டு, அம்மாவை வெறுந்தலையோடு பின்னால் உட்கார வைத்து வருகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. சடன் பிரேக் போட்டால் அம்மாவின் பாரம் முழுக்க உங்கள் முதுகில் வந்து விழும், வண்டி நிற்கவும் கூடுதல் தூரம் வேண்டும். அம்மாவுக்கு ஒரு ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட் வாங்குங்கள், ஸ்ட்ராப்பை நீங்களே மாட்டிவிடுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. காலேஜ் சேர்ந்ததும் பைக் வாங்கித் தருகிறீர்கள். கூடவே ஒரு விடியற்காலையையும் அந்தப் பிள்ளைக்குத் தாருங்கள். முதலில் மெக்கானிக்கிடம் விட்டு முன் பிரேக்கைச் சரிபார்த்து, டயரில் காற்று பிடித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை, ஆள் நடமாட்டம் தொடங்குவதற்கு முன், நேரான, காய்ந்த, மணலில்லாத தார் ரோடாகப் பார்த்துக் கூட்டிப் போங்கள். இருபதில் வந்து இரண்டு பிரேக்கையும் பிடித்து நிறுத்தட்டும். கைக்குப் பழகிய பிறகு முப்பதில். எங்கே பிடித்தான், எங்கே நின்றான் என்று சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டுங்கள். ஹெல்மெட்டும் ஷூவும் போட்டிருக்கட்டும். மகளுக்கும் இதே பாடம்தான். ஒரே நாளில் முடிந்துவிடாது. மாதம் ஒருமுறையாவது பழகினால்தான் அவசரத்தில் மூளை யோசிக்கும் முன் விரல் சரியாக அழுத்தும். வரும் ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்.