உச்சி மாடி வீடும் ஒரு கேள்வியும்



என் மூத்த ராத்தாவின் மகன் இங்கிலாந்தில் மனைவி மக்களோடு வசிக்கிறான். 2025ஆம் ஆண்டு ஒக்டோபரில் அவன் ஸ்பெயின் நாட்டின் கடலோர ஊரொன்றில் ஒரு வீடு வாங்கினான். உறுதி முடிக்கும் நேரத்தில் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது அவனது ஆசை. ராத்தாவுக்கு முழங்கால் வருத்தம். "நீங்க போய் துஆ ஓதிட்டு வாங்க தம்பி" என்று என்னை அனுப்பி வைத்தார். துஆ ஓதத்தான் போனேன். திரும்பி வரும்போது என் சொந்த வீட்டைப் பற்றிய ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டு வந்தேன். அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அந்த ஊரின் பெயர் அல்முன்யேகர். மத்தியதரைக் கடலோரத்தில், கிரனாடா மாகாணத்தில் இருக்கிறது. அரபுக் கல்லூரியில் இஸ்லாமிய வரலாறு ஓதியவர்களுக்கு அதன் பழைய பெயர் பரிச்சயமானது: அல்முனக்கப். 750ஆம் ஆண்டில் அப்பாஸியர்கள் உமையாக்களின் ஆட்சியைக் கவிழ்த்து அந்தக் குடும்பத்தையே தேடித் தேடி அழித்தபோது, உயிர் தப்பி ஓடிய இளவரசர் அப்துர் ரஹ்மான், ஹிஜ்ரி 138இல், அதாவது கி.பி. 755இல், கரையேறியது இந்த ஊரில்தான். மறு ஆண்டே கொர்டோபாவில் அமீராகி, பின்னர் அங்குள்ள பெரிய பள்ளிவாசலையும் கட்டத் தொடங்கியவர் அவர். இன்று கடற்கரையில் அவருக்கு ஒரு சிலை நிற்கிறது. சிலை வைப்பது நம் வழக்கமல்ல. ஆனாலும் அந்த இடத்தில் நின்றபோது, வீடிழந்து வந்த ஒருவர் வந்திறங்கிய கரையில் நாம் வீடு வாங்க வந்திருக்கிறோமே என்ற எண்ணம் மனத்தைத் தொட்டது. 1489இல் இந்த ஊரும் 1492இல் கிரனாடாவும் முஸ்லிம்களின் கையை விட்டுப் போயின.

ஒக்டோபரில் ஊர் அமைதியாக இருந்தது. கோடைகாலக் கூட்டம் போய்விட்டது. மலைச்சரிவுகளில் மாவும் அவகாடோவும், நம் சீத்தாப்பழத்தின் இனமான சிரிமோயாவும் காய்க்கின்றன. மருமகன் தெரிவு செய்திருந்தது ஒரு தொடர்மாடிக் கட்டடத்தின் உச்சியிலுள்ள வீடு. பென்ற்ஹவுஸ் என்பார்களே, அதுதான். அதுவும் இரண்டு தட்டுகள் கொண்ட டுப்ளெக்ஸ். கீழ்த்தட்டில் மூன்று அறைகளும் சமையலறையும். உள்ளேயே ஏறும் படி. மேல்தட்டில் ஓர் அறையும் கடலைப் பார்த்த திறந்த மொட்டைமாடியும். அந்த மாடிக்கு ஸ்பானிய மொழியில் 'அஸொதேயா' என்று பெயர். அரபியில் கூரைத்தளத்தை 'ஸத்ஹ்' என்கிறோம். அதிலிருந்து பிறந்த சொல்தான் இது. ஆட்சி போய் ஐந்நூறு ஆண்டுகள் கடந்தும் சொல் கூரையில் தங்கியிருக்கிறது.

அந்த மாடியில் நாங்கள் அஸர் தொழுதோம். இங்கே நாம் மேற்கு நோக்கித் தொழுபவர்கள். அங்கே கிப்லா கிழக்கே, சற்றுத் தெற்காக. வலப்பக்கம் கடல். தொழுது முடிந்ததும் மருமகன், "எப்படி மாமா வீடு?" என்றான். விசாலமான வீட்டையும் நல்ல அயலவரையும் ஒரு மனிதனின் பாக்கியங்களில் சேர்த்து நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதே வேளை, உயரங்களில் எல்லாம் வீண்பெருமைக்காகக் கட்டிய ஆத் கூட்டத்தாரை நபி ஹூத் (அலை) அவர்கள் கண்டித்ததையும் குர்ஆன் சொல்கிறது. இரண்டையும் சொன்னேன். "வீடு உயரத்தில் இருக்கட்டும் மகன், மனசு கீழேயே இருக்கட்டும்" என்றேன். சிரித்தான்.

இனி, அங்கே வீடு வாங்கும் முறையைச் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் தாய்மாருக்கு இது பயன்படும். முதலில் வெளிநாட்டவருக்கான அடையாள இலக்கம் ஒன்றைப் பெற வேண்டும். பிறகு சட்டத்தரணி காணிப் பதிவகத்திலிருந்து ஒரு சாற்றை எடுத்து, விற்பவர்தான் உரிமையாளரா, வீட்டின் மேல் ஈடு ஏதும் உண்டா என்று பார்ப்பார். தொடர்மாடியில் எல்லா உரிமையாளரும் சேர்ந்த ஒரு சங்கம் உண்டு. மாதாந்தப் பணம் கட்ட வேண்டும். பழைய உரிமையாளர் அதைக் கட்டாமல் விட்டிருந்தால், நடப்பு ஆண்டினதும் அதற்கு முந்திய மூன்று ஆண்டுகளினதும் பாக்கி வாங்குபவரின் தலையில் விழும். ஆகவே பாக்கி இல்லை என்ற சான்றிதழைக் கேட்க வேண்டும். உச்சி மாடி வீட்டில் இன்னொரு விஷயமும் உண்டு. மொட்டைமாடி சில கட்டடங்களில் அந்த வீட்டுக்கே சொந்தம். சிலவற்றில் அது எல்லோருக்கும் பொது, பாவிக்கும் உரிமை மட்டுமே இவருக்கு. மழைநீர் ஒழுகினால் யார் செலவு என்பது அதைப் பொறுத்தது. பழைய வீடு வாங்கினால் அந்தலூசியாப் பகுதியில் விலையில் நூற்றுக்கு 7 வீதம் வரி. ஒரு இலட்சம் யூரோவுக்கு ஏழாயிரம் யூரோ. நொத்தாரிசுக்கும் பதிவுக்கும் வேறாகச் செலவு. வீடு வாங்கினால் அந்நாட்டில் குடியிருக்க அனுமதி கிடைக்கும் என்று நினைத்தும் ஏமாறக் கூடாது. ஐந்து இலட்சம் யூரோ முதலிட்டால் வதிவிட அனுமதி என்ற திட்டம் 2025 ஏப்ரல் 3ஆம் திகதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது.

அச்சாரம் கொடுப்பதை அங்கே 'அர்ராஸ்' என்கிறார்கள். வழக்கமாக விலையில் பத்தில் ஒரு பங்கு. வாங்குபவர் பின்வாங்கினால் அந்தப் பணம் போய்விடும். விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். நம் பிக்ஹு கிதாபுகளில் வரும் 'உர்பூன்' தான் இது. சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்ததுதான். ஷாபிஈ மத்ஹபில் இது அனுமதிக்கப்படவில்லை. இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அனுமதித்தார்கள். 1993இல் சர்வதேச பிக்ஹு அகடமியும், காத்திருக்கும் காலம் வரையறுக்கப்பட்டிருந்தால் கூடும் என்று தீர்மானித்தது. மருமகன் அந்தத் தீர்மானத்தின்படி கோடையிலேயே அச்சாரம் கொடுத்திருந்தான்.

பணம் போதவில்லை. வங்கி வட்டிக்குத் தரத் தயாராக இருந்தது. வட்டியை விடாதவர்களுக்கு அல்லாஹ்வும் அவனது தூதரும் போர் அறிவிப்பதாகக் குர்ஆன் எச்சரிக்கும்போது, எந்த முஃமின் துணிவான்? மருமகனும் துணியவில்லை. பிறகு எப்படிச் சமாளித்தான் என்று கேட்டேன். "உங்கட மருமகள்தான் மாமா" என்றான். அவள் தன் மஹர் பணத்தையும், தன் உம்மா போட்டனுப்பிய நகைகளையும், தான் வேலை செய்து சேர்த்ததையும் கொடுத்திருந்தாள். மொத்த விலையில் அது நாலில் ஒரு பங்கு. பெருமையாகத்தான் சொன்னான்.

மறுநாள் சட்டத்தரணி உறுதியின் வரைவைக் கொண்டுவந்து ஆங்கிலத்தில் விளக்கினார். வாங்குபவர் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர். மருமகனின் பெயர்.

நான் கேட்டேன்: "மகன், மருமகள் தந்தது அன்பளிப்பா, கடனா, கூட்டா?"

அவன் முகம் வாடிவிட்டது. "என்ன மாமா, நாங்க ரெண்டு பேரும் ஒண்டுதானே" என்றான். மருமகள் தலையைக் குனிந்துகொண்டு, "அதெல்லாம் எனக்குப் பெரிய விசயமில்ல மாமா" என்றாள். அந்த இடத்தில் நான் வாயை மூடியிருந்தால் எல்லோருக்கும் சுகமாக இருந்திருக்கும். ஆனால் பராயிழ் பாடம் கற்பிப்பவன் வாயை மூடுவது எப்படி?

ஒரு தாளை எடுத்து வீட்டை 32 பங்காகப் பிரித்தேன். "உறுதி உங்கட பேரில் மட்டும் இருந்து, நீங்க முந்தி மவுத்தானால், பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று. 32இல் நாலு பங்கு. அவள் போட்டதோ எட்டுப் பங்கு. தான் கொடுத்ததில் பாதியைத்தான் அவள் வாரிசாகப் பெறுவாள். உறுதியில் அவள் பேரில் கால் பங்கு இருந்தால், அந்த எட்டும் அவளுடையதே. மிச்சம் 24இல் எட்டில் ஒன்று, மூன்று. மொத்தம் 11 பங்கு. நாலுக்கும் 11க்கும் உள்ள வித்தியாசம் ஒரு கையெழுத்து. அவள் முந்தினால்? அவளது உம்மாவுக்கு ஆறில் ஒன்று சேர வேண்டும். உறுதியில் அவள் பெயரே இல்லையென்றால் எதிலிருந்து கொடுப்பீங்க?"

மருமகன் நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் மருமகளிடம் சொன்னேன்: "மகள், அன்பளிப்பு என்று சொன்னால் அது முடிந்துபோன விஷயம், பிறகு கேட்க முடியாது. கடன் என்றால் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும். கூட்டு என்றால் வீட்டில் பங்கு. மூன்றும் ஹலால்தான். ஆனால் எது என்று சொல்ல வேண்டியவர் நீங்க. அவருமில்லை, நானுமில்லை."

அவள் சட்டென்று பதில் சொல்லவில்லை. கீழ்த்தட்டுக்குப் போய், கொஞ்ச நேரம் கழித்து வந்தாள். கண் சிவந்திருந்தது. "கூட்டு மாமா" என்றாள், மெதுவாக.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். நாம் அதை வியாபாரிகளுக்கு உரியதாக ஒதுக்கிவிட்டு, வீட்டுக்குள் எல்லாவற்றையும் 'நாங்க ஒண்டுதானே' என்ற ஒரு வார்த்தையில் கரைத்துவிடுகிறோம்.

அன்றிரவு மாடியில் தனியாக இருந்தபோது தூக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பதினைந்து வருடங்களுக்கு முன் நான் வீடு கட்டும்போது கூரை போடப் பணமில்லை. என் மனைவி 18 பவுண் நகையைக் கழற்றித் தந்தார். காணியும் வீடும் என் பெயரில். அன்பளிப்பா, கடனா, கூட்டா என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. ஊர் முழுக்கப் பாகப்பிரிவினைக்கு என்னிடம்தான் வருவார்கள். என் கூரைக்குக் கீழேயே ஒரு கணக்கு எழுதப்படாமல் கிடந்தது.

இரண்டு நாள் கழித்து நொத்தாரிசின் முன் உறுதி முடிந்தது. அந்நாட்டில் பணம் எந்த வழியில் வந்தது என்பதையும் உறுதியில் எழுதி, காசோலைகளின் பிரதிகளைச் சேர்த்துவிடுகிறார்கள். முக்கால் பங்கு கணவனுக்கு, கால் பங்கு மனைவிக்கு என்று வாசித்தபோது, மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்கும் முன்பே மருமகள் தன் பெயரைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தாள். மரண சாசனத்தையும் உடன் எழுதிவிடும்படி சொன்னேன். 2015 ஆகஸ்ட் 17 முதல் ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, வெளிநாட்டவர் தம் குடியுரிமை நாட்டுச் சட்டத்தைத் தெரிவு செய்து சாசனம் எழுதலாம். இங்கிலாந்துச் சட்டத்தில் விரும்பியபடி பங்கிட இடமிருப்பதால், பராயிழ் முறைப்படியே பங்குகளை எழுத முடிகிறது.

ஊர் திரும்பிய அன்றே என் மனைவியிடம் அதே கேள்வியைக் கேட்டேன். முதலில் சிரித்தார். "இப்பதான் ஞாபகம் வந்ததா?" என்றார். பிறகு மூன்று நாள் யோசித்துவிட்டு, "கூட்டு என்றே எழுதுங்க" என்றார். நொத்தாரிசிடம் போய், இரு சாட்சிகளை வைத்து, வீட்டில் அரைப் பங்கை அவர் பெயருக்கு மாற்றினேன். உறுதியைக் கையில் கொடுத்தபோது, "இதுக்கு எவ்வளவு செலவாச்சு?" என்றுதான் கேட்டார். சொன்னேன். "பதினைஞ்சு வருசத்துக்கு முந்தி எழுதியிருந்தா மலிவாக முடிஞ்சிருக்கும்" என்றார். பதில் சொல்ல என்னிடம் எதுவுமில்லை.

சகோதரிகளே, மத்தியதரைக் கடலோரத்தில் உச்சி மாடி வீடு நம்மில் எத்தனை பேருக்குக் கிடைக்கப் போகிறது? ஆனால் ஒரு பெண்ணின் நகை கல்லாகவும் சீமெந்தாகவும் ஓடாகவும் மாறாத வீடு நம் ஊர்களில் அரிது. கொடுங்கள், மனம் குளிரக் கொடுங்கள். கொடுக்கும் அன்றே இது என்னவென்று சொல்லிக் கொடுங்கள். கணவன்மாரே, அவர்கள் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். கேட்பது சந்தேகமல்ல, அது அமானிதத்தைப் பேணுவது.

வல்ல அல்லாஹ் நம் வீடுகளை ஹலாலான வீடுகளாகவும், ஒருவர் உரிமையை மற்றவர் அறிந்து மதிக்கும் வீடுகளாகவும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.